ஐரோப்பிய ஆராய்ச்சி நிதி: பல்கலைக்கழகம் எதுவரை உடன் வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சித் திட்டமான ஹொரைசன் யூரோப் 2021இல் தொடங்கி 2027இல் முடிகிறது. தொடங்கும்போது அதற்கு ஒதுக்கப்பட்ட தொகை சுமார் 9,550 கோடி யூரோ. இந்தப் பணத்தைக் கேட்டு வாங்குவதற்கும், வாங்கியதை ஒழுங்காகச் செலவழித்துக் கணக்குக் காட்டுவதற்கும் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் தனியாக ஓர் அலுவலகம் வைத்திருக்கின்றன. புதிதாக வரும் ஆய்வாளர்களில் பலர் அப்படி ஓர் அலுவலகம் இருப்பதையே கடைசி வாரத்தில்தான் அறிகிறார்கள். அவர்களுக்காகவும், ஐரோப்பாவுக்குப் போக நினைக்கும் தமிழ் ஆய்வாளர்களுக்காகவும் இந்தக் கேள்வி பதில்கள். எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏன் லூவன்?

1425இல் தொடங்கிய பழைய பல்கலைக்கழகம் அது. ஐரோப்பிய நிதி பெறும் பல்கலைக்கழகங்களில் எப்போதும் முன்வரிசையில் இருப்பது. பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பாக இருந்து இந்த நிதியை வழங்கும் ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டம் என்றால் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுகிறார்கள். இது சிறிய அனுகூலம் அல்ல.

அதைவிட முக்கியமானது அமைப்பு. ஆராய்ச்சி முடிவுகளைத் தொழில்துறைக்குக் கொண்டுசெல்ல 1972லேயே அங்கே தனிப் பிரிவு தொடங்கிவிட்டார்கள். ஐரோப்பாவில் இந்த வகையில் முதலில் வந்தவற்றுள் அதுவும் ஒன்று. ஒப்பந்தம், காப்புரிமை, ஐரோப்பியத் திட்டங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் வைத்து வேலை பார்க்கும் பழக்கம் அங்கே நெடுங்காலமாக இருக்கிறது. ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான லேருவின் செயலகமும் லூவனில்தான் இருக்கிறது. விதிகள் எழுதப்படும்போதே பல்கலைக்கழகங்களின் குரலை எடுத்துச்செல்லும் அமைப்பு அது.

எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் இந்த வசதி வாய்க்காது. சிறிய பல்கலைக்கழகத்தில் இரண்டே பேர் இத்தனையையும் பார்ப்பார்கள். வேலையின் தன்மை மட்டும் எங்கும் ஒன்றுதான்.

அந்த அலுவலகம் உண்மையில் என்ன செய்கிறது?

உங்கள் ஆய்வுக்கு எந்த நிதி பொருந்தும் என்று பார்ப்பது, விண்ணப்பத்தைப் படித்துத் திருத்தச் சொல்வது, பட்ஜெட் போடுவது, பல்கலைக்கழகத்தின் சார்பில் கையெழுத்திடுவது, நிதி கிடைத்த பிறகு ஒப்பந்தம், கணக்கு, தணிக்கை ஆகியவற்றைக் கவனிப்பது. கையெழுத்து என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹொரைசன் ஒப்பந்தம் உங்களுக்கும் ஆணையத்துக்கும் இடையில் ஏற்படுவதன்று. பல்கலைக்கழகமே சட்டப்படி பயனாளி. பணம் அதன் கணக்குக்கு வரும். ஏதாவது பிசகினால் திருப்பிக் கட்டுவதும் அதுதான். அலுவலகம் சில நேரம் கெடுபிடி காட்டுவது இதனால்தான்.

தேசியத் தொடர்பு மையம் என்று இன்னொன்று உண்டு. அது நாட்டு அளவிலானது. லூவன் இருக்கும் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ஆராய்ச்சி நிதி நிறுவனமான எஃப்.டபிள்யூ.ஓ.வும், புத்தாக்க நிறுவனமான விலாயோவும் அந்தப் பணியைச் செய்கின்றன. விதிகளில் சந்தேகம் என்றால் அவர்களிடம் கேட்கலாம். உங்கள் துறையின் சம்பள விகிதத்தையும், உங்கள் பேராசிரியரின் சுபாவத்தையும் அறிந்தவர்கள் உள்ளூர் அலுவலகத்தார் மட்டுமே.

எனக்கு எந்த நிதி பொருந்தும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: யோசனை உங்களுடையதா, ஆணையத்துடையதா?

யோசனை முழுக்க உங்களுடையது என்றால் ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம். 2007இல் தொடங்கிய இந்த மன்றத்துக்கு இப்போதைய திட்டத்தில் சுமார் 1,600 கோடி யூரோ இருக்கிறது. தலைப்பு எதையும் அது கொடுப்பதில்லை. எந்தத் துறையும் செல்லும், எந்த நாட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம். தொடக்கநிலை நல்கை, அதாவது ஆராய்ச்சி நிதியுதவி, 15 லட்சம் யூரோ வரை, இடைநிலை 20 லட்சம், முதுநிலை 25 லட்சம்; மூன்றும் ஐந்தாண்டுக்கு. இரண்டு முதல் நான்கு பேர் சேர்ந்து கேட்கும் கூட்டு நல்கை ஆறாண்டுக்கு 1 கோடி யூரோ வரை போகும். 2026 வரையிலான அழைப்புகளில் (விண்ணப்பம் கோரும் அறிவிப்புகளில்) தொடக்கநிலைக்கு முனைவர் பட்டம் பெற்று 2 முதல் 7 ஆண்டுகள், இடைநிலைக்கு 7 முதல் 12 ஆண்டுகள் என்று வரம்பு இருந்தது. குழந்தை பெற்ற பெண்களுக்கு ஒவ்வொரு குழந்தைக்கும் 18 மாதம் கூட்டித் தருகிறார்கள். இதைத் தெரியாமல் 'எனக்குக் காலம் கடந்துவிட்டது' என்று ஒதுங்கிவிடும் பெண் ஆய்வாளர்கள் உண்டு. அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் போதும்.

இன்னொரு நாட்டுக்குப் போய்ப் பயிற்சி பெற வேண்டும் என்றால் மேரி ஸ்க்வோடோவ்ஸ்கா கியூரி நல்கைகள். இதற்குச் சுமார் 660 கோடி யூரோ. தமிழ் ஆய்வாளர்கள் அதிகம் விசாரிப்பது இதைத்தான் என்பதால் கீழே தனியாகச் சொல்கிறேன்.

யோசனை ஆணையத்துடையது என்றால் நிலைமை தலைகீழ். உடல்நலம், பண்பாடு, பாதுகாப்பு, டிஜிட்டல், காலநிலையும் எரிசக்தியும், உணவும் வேளாண்மையும் என ஆறு தொகுதிகளில் இன்ன சிக்கலுக்கு இன்ன விளைவு வேண்டும் என்று ஆணையமே எழுதி வெளியிடும். நீங்கள் பெரும்பாலும் பல நாட்டு நிறுவனங்களுடன் கூட்டணி சேர்ந்து அதற்குப் பதில் சொல்ல வேண்டும். 'என் ஆய்வை இதற்குள் எப்படியாவது நுழைத்துவிடலாம்' என்று நினைப்பவர்களை நல்ல ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே தடுத்துவிடுவார். அழைப்பில் எழுதியிருக்கும் எதிர்பார்ப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் இல்லாத விண்ணப்பம் தேறுவது அபூர்வம்.

மற்ற நாட்டு ஆய்வாளர்களைத் தெரிந்துகொள்ள மட்டும் பணம் வேண்டும் என்றால் காஸ்ட் என்ற ஐரோப்பிய வலையமைப்புத் திட்டம். 1971 முதல் நடந்துவருகிறது. நான்கு ஆண்டுகளுக்குக் கூட்டம், பயணம், பயிற்சிப் பள்ளி ஆகியவற்றுக்குச் செலவு தரும், ஆராய்ச்சிக்குத் தராது. அதனாலேயே இதைக் கேவலமாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். என் கணிப்பில் ஐரோப்பிய ஆராய்ச்சிக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை. நடந்துகொண்டிருக்கும் ஒரு காஸ்ட் குழுவில் சேர்ந்து இரண்டு ஆண்டு வேலை செய்தவரைத்தான் அடுத்த பெரிய விண்ணப்பத்தில் பங்காளியாகக் கூப்பிடுவார்கள்.

அலுவலகத்துக்கு எப்போது போக வேண்டும்?

கடைசி நாளுக்கு ஒன்பது மாதம் முன்பு போனால் அவர்களால் உங்கள் யோசனையையே மாற்ற முடியும். மூன்று மாதம் முன்பு போனால் எழுத்தைத் திருத்தலாம். இரண்டு வாரம் இருக்கும்போது போனால் பட்ஜெட்டையும் கையெழுத்தையும் தவிர வேறொன்றும் நடக்காது.

ஹொரைசன் அழைப்புகளின் பட்டியல் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வருகிறது. அதற்கு முன் வரைவுகள் உலவும். அந்த வரைவைப் பார்த்துத் துறைவாரியாக ஆய்வாளர்களுக்குச் சேதி சொல்வது அலுவலகத்தின் வேலைகளில் ஒன்று. கூட்டணி கட்டுபவர்கள் அழைப்பு அதிகாரபூர்வமாக வெளிவரும் நாளில் தொடங்குவதில்லை. வரைவின்போதே பேசி முடித்திருப்பார்கள்.

விண்ணப்பத்தை அவர்களே எழுதிக் கொடுப்பார்களா?

மாட்டார்கள். அறிவியல் பகுதியை எழுதிக் கொடுக்கும் அலுவலகம் இருப்பதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவர்கள் செய்வது கேள்வி கேட்பது. பெரும்பாலான ஆய்வாளர்களுக்கு அதுதான் எரிச்சலூட்டும். அதில்தான் பயனும் இருக்கிறது.

கூட்டணித் திட்டங்களின் விண்ணப்பத்தில் மூன்று பகுதிகள்: ஆய்வின் தரம், விளைவு, செயல்படுத்தும் முறை. ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். வழக்கமாக ஒவ்வொன்றிலும் 3, மொத்தத்தில் 15க்கு 10 எடுத்தால்தான் தகுதி. ஆனால் 10 எடுத்து எவரும் நிதி பெற்றதாகக் கேள்விப்பட முடியாது. 13க்கு மேல்தான் உண்மையான போட்டி தொடங்குகிறது. முதல் பகுதியில் பேராசிரியர்கள் புகுந்து விளையாடுவார்கள். இரண்டாவதில்தான் சறுக்கல்.

ஆற்றுநீரில் கலக்கும் மருந்துக் கழிவை அளக்க ஒரு புதிய உணரியை உருவாக்கும் திட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரைவில் ஆய்வாளர் எழுதுகிறார்: 'எங்கள் முடிவுகள் சமூகத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் பெரிதும் பயன்படும்.' ஆலோசகர் ஓரத்தில் எழுதுகிறார்: 'யாருக்கு?' நீர் நிறுவனங்களுக்கு என்று பதில் வருகிறது. 'எத்தனை நிறுவனங்களுக்கு? அவர்களில் யாராவது கூட்டணியில் இருக்கிறார்களா? இப்போது அவர்கள் மாதிரியை எங்கே அனுப்பிச் சோதிக்கிறார்கள்? ஒரு சோதனைக்கு என்ன செலவு? உங்கள் உணரி வந்தால் அது எவ்வளவாகக் குறையும்? திட்டம் முடிந்த மூன்றாம் ஆண்டில் எத்தனை இடங்களில் அது பொருத்தப்பட்டிருக்கும்?' இரண்டு நாள் கழித்து ஆய்வாளர் ஒரு நீர் நிறுவனத்துக்குப் போன் செய்கிறார். மூன்றாவது வரைவில் அந்த நிறுவனம் பங்காளியாக வந்திருக்கிறது. சோதனை நடக்கும் இடத்தின் பெயரும் ஆண்டும் எண்ணும் இருக்கின்றன. ஆலோசகர் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் திட்டமே வேறாகிவிட்டது.

கூட்டணிக்கு ஆள்களை எங்கே பிடிப்பது? நானே ஒருங்கிணைப்பாளராக இருக்க வேண்டுமா?

குறைந்தபட்ச விதி: மூன்று வெவ்வேறு உறுப்பு நாடுகள் அல்லது இணைவு நாடுகளிலிருந்து (ஒன்றியத்தில் இல்லாமலே இந்தத் திட்டத்தில் இணைந்தவை), ஒன்றையொன்று சாராத மூன்று நிறுவனங்கள், அவற்றில் ஒன்றாவது உறுப்பு நாட்டைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். நடைமுறையில் பத்துப் பதினைந்து பங்காளிகள் சாதாரணம்.

பங்காளிகளைத் தேட ஆணையத்தின் இணைய வாசலிலேயே வசதி உண்டு. அதில் முன்பின் தெரியாதவர்கள் போடும் அறிவிப்பைப் பார்த்துச் சேர்ந்து வென்றவர்கள் குறைவு. ஏற்கெனவே சேர்ந்து கட்டுரை எழுதியவர்கள், மாநாட்டில் பழகியவர்கள், பல்கலைக்கழகங்களின் கூட்டணிகள் ஆகியவைதான் நம்பகமான வழி. லூவன் உறுப்பினராக இருக்கும் ஊனா யூரோப்பா போன்றவை இந்தக் கூட்டணிகளுக்கு எடுத்துக்காட்டு. 'இந்தத் துறையில் நம் பல்கலைக்கழகத்திலிருந்து யார், எந்த ஊர்க்காரர்களுடன் முன்பு திட்டம் நடத்தினார்கள்?' என்று அலுவலகத்தாரிடம் கேளுங்கள். அந்தப் பட்டியல் அவர்கள் கையில் இருக்கும்.

முதல் திட்டத்திலேயே ஒருங்கிணைப்பாளர் ஆக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பதினைந்து நிறுவனங்களிடம் அறிக்கை கேட்டு வாங்குவதும், பணத்தைப் பிரித்துக் கொடுப்பதும், ஒருவர் விலகினால் மாற்று ஆள் தேடுவதும் உங்கள் தலையில் விழும். கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பனார் நிலைமைதான்: எல்லாரும் சாப்பிட்டாகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், தான் சாப்பிட நேரம் இருக்காது. ஒரு முறை பங்காளியாக இருந்து பாருங்கள். அப்புறமும் ஆசை இருந்தால், திட்ட மேலாளர் ஒருவரின் சம்பளத்தை பட்ஜெட்டிலேயே சேர்க்கச் சொல்லி அலுவலகத்திடம் கேளுங்கள். அப்படிச் சேர்ப்பதற்கு விதிகளில் இடம் இருக்கிறது.

பட்ஜெட்டை நானே போட்டுவிடலாமே?

கணக்கு எளிதாகத்தான் தெரியும். பல்கலைக்கழகத்துக்கு நேரடிச் செலவில் 100 சதவீதம் கிடைக்கும்; அதன் மேல் மறைமுகச் செலவுக்காக 25 சதவீதம், துணை ஒப்பந்தம் போன்ற சில இனங்கள் நீங்கலாக. நேரடிச் செலவு 4 லட்சம் யூரோ என்றால் மொத்தம் 5 லட்சம். இதற்கு அலுவலகம் எதற்கு?

லூவனில் ஒரு முனைவர் பட்ட மாணவரை வைத்துக்கொண்டு மூன்றாண்டுத் திட்டம் போடுகிறீர்கள் என்று வையுங்கள். 36 மாதச் சம்பளம் எழுதிவிட்டீர்கள். ஃபிளாண்டர்ஸில் முனைவர் பட்டத்துக்கு வழக்கமான காலம் நான்கு ஆண்டுகள். நான்காம் ஆண்டுச் சம்பளத்தை யார் கொடுப்பது? இந்தக் கேள்வியை விண்ணப்பத்துக்கு முன்பே கேட்பவர் அலுவலகத்தில் இருப்பவர்தான். அடுத்தது, பெல்ஜியத்தில் விலைவாசிக் குறியீடு ஏறினால் சம்பளமும் தானாக ஏறும். 2022இல் அப்படிப் பலமுறை ஏறியது. இன்றைய சம்பளத்தை அப்படியே எழுதினால் மூன்றாம் ஆண்டில் துண்டு விழும். விடுமுறைப்படி, ஆண்டிறுதிப்படி, நிறுவனம் கட்டும் சமூகப் பாதுகாப்புத் தொகை ஆகிய எதுவும் உங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்தால் முழுதாகத் தெரியாது. அலுவலகத்தின் அட்டவணையில் அத்தனையும் சேர்ந்திருக்கும்.

கருவி வாங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பொதுவாகக் கருவியின் முழு விலையைக் கேட்க முடியாது. திட்டக் காலத்துக்கு உரிய தேய்மானத்தைத்தான் கேட்கலாம். கடைசி ஆண்டில் ஒரு லட்சம் யூரோவுக்குக் கருவி வாங்கிவிட்டு, அதில் பெரும்பகுதியைத் துறையே ஏற்க நேர்ந்த கதைகள் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தபடி விண்ணப்பிக்க முடியுமா?

மேரி கியூரி முதுமுனைவர் நல்கைக்கு, அதாவது முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கான நல்கைக்கு, முடியும். நாட்டுரிமை தடையில்லை. முனைவர் பட்டத்துக்குப் பிறகு எட்டு ஆண்டுக்கு மேல் ஆராய்ச்சி அனுபவம் இருக்கக்கூடாது. போகப்போகும் நாட்டில், கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் தங்கியிருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. ஏற்கெனவே ஜெர்மனியில் இரண்டு ஆண்டாக இருப்பவர் ஜெர்மனிக்கு விண்ணப்பிக்க முடியாது, பெல்ஜியத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆனால் தனியாளாக விண்ணப்பிக்க முடியாது. உங்களை ஏற்கும் பேராசிரியரும் அவருடைய பல்கலைக்கழகமும் உடன் நிற்க வேண்டும். கடைசி நாள் வழக்கமாக செப்டம்பரில் வரும். பிப்ரவரி, மார்ச்சிலேயே பேராசிரியருக்கு எழுதுங்கள். பல பல்கலைக்கழகங்கள் வசந்த காலத்தில் விருப்பம் கேட்டு அறிவிப்பு வெளியிட்டு, தேர்ந்தவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகின்றன. முன்பு வென்ற விண்ணப்பங்களைப் படிக்கத் தருவார்கள். வரைவைப் படித்துக் கருத்துச் சொல்வார்கள். இந்த உதவிக்குக் கட்டணம் கிடையாது. ஐம்பது பேராசிரியர்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதால் ஒரு பயனும் இல்லை. அவர் கடைசியாக வெளியிட்ட இரண்டு கட்டுரைகளைப் படித்து ஒரு பக்கத் திட்டம் எழுதுங்கள்.

போட்டி கடுமையாகிவருகிறது. 2024இல் பத்தாயிரத்துக்குச் சற்று மேல் இருந்த விண்ணப்பங்கள் 2025இல் பதினேழாயிரத்தைத் தாண்டிவிட்டன.

கூட்டணித் திட்டங்களில் நிலைமை வேறு. குறைந்த, நடுத்தர வருமான நாடுகள் பலவற்றின் நிறுவனங்களுக்கு ஆணையம் நேரடியாகவே நிதி தரும். இலங்கை அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்தியா இல்லை. இந்தியப் பல்கலைக்கழகம் பங்கேற்கலாம், பணத்தை வேறு வழியில் தேடிக்கொள்ள வேண்டும். அழைப்பிலேயே விதிவிலக்கு சொல்லியிருந்தால் ஒழிய.

நல்கையில் எழுதியிருக்கும் தொகை என் கைக்கு வருமா?

வராது. ஆண்டுதோறும் மனம் உடைபவர்கள் இந்த இடத்தில்தான் உடைகிறார்கள். 2024 அழைப்பில் முதுமுனைவருக்கான வாழ்க்கைப்படி மாதம் 5,080 யூரோ. அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்து வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அது நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. நாட்டுக்கு நாடு ஒரு காரணியால் அதைப் பெருக்குவார்கள். பிறகு நிறுவனம் கட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்புத் தொகை கழியும், அதன் பிறகு உங்கள் பங்கு, அதன் பிறகு வருமான வரி. மிச்சம் நாட்டைப் பொறுத்தது. கைக்கு எவ்வளவு வரும் என்று பணியாளர் பிரிவிடம் முன்கூட்டியே கேளுங்கள். நாகரிகக் குறைவு ஒன்றும் இல்லை. ஐரோப்பியர்கள் தயங்காமல் கேட்பார்கள்.

விசா, குடியிருப்பு, குழந்தைக்குப் பள்ளி ஆகியவற்றை வேறு பிரிவு பார்க்கும். வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு உதவ யூராக்செஸ் என்ற வலையமைப்பும் இருக்கிறது.

பாலினச் சமத்துவத் திட்டம், நெறிமுறைப் படிவம் இதெல்லாம் என் வேலையா?

முதலாவது இல்லை. 2022 அழைப்புகள் முதல், உறுப்பு நாடுகளிலும் இணைவு நாடுகளிலும் உள்ள பல்கலைக்கழகங்கள் பாலினச் சமத்துவத் திட்டத்தை வெளியிட்டிருக்க வேண்டும். இல்லையேல் நிதி இல்லை. அதைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும். ஆய்வுக்குள்ளேயே பாலினம் எப்படி வருகிறது என்பதை எழுதுவது மட்டும் உங்கள் பொறுப்பு.

நெறிமுறைப் படிவம் உங்களுடையது. மனிதர்கள், விலங்குகள், தனிநபர் தகவல் எதுவாக இருந்தாலும் குறிப்பிட வேண்டும். மறைத்து வெற்றிபெற்றால் ஒப்பந்தம் எழுதும் கட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆராய்ச்சி மன்றத்தின் நேர்காணலுக்கும் உதவி உண்டா?

உண்டு. அலுவலகத்தின் உதவியில் மிகவும் மதிப்புள்ளது இது என்று நினைக்கிறேன். மன்றத்தில் 28 துறைக்குழுக்கள் இருக்கின்றன. முதல் சுற்றில் தேறியவர்களைக் குழு நேர்காணலுக்கு அழைக்கும்: சில நிமிட உரை, மீதி நேரம் கேள்விகள். குழுவில் உங்கள் நுண்துறை தெரிந்தவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள்.

பல்கலைக்கழகத்தில் ஒத்திகை வைப்பார்கள். முன்பு குழுவில் இருந்தவர்கள், முன்பு வென்றவர்கள், துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் என்று ஐந்தாறு பேர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வேண்டுமென்றே முரட்டுத்தனமாகக் கேட்பார்கள். 'இதை ஏன் நீங்கள் செய்ய வேண்டும்? ஜூரிச்சில் பெரிய ஆய்வகம் இருக்கிறதே?' 'இரண்டாவது கருதுகோள் தவறினால் மீதி மூன்றாண்டு என்ன செய்வீர்கள்?' பலர் முதல் ஒத்திகையில் குரல் தழுதழுக்க விளக்கம் சொல்லத் தொடங்குவார்கள். இரண்டாவது ஒத்திகையில் பதில் இரண்டு வாக்கியமாகச் சுருங்கியிருக்கும். நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு கூடுதல் சிரமம்: பெரியவர்கள் எதிரில் 'இதை என்னால்தான் செய்ய முடியும்' என்று சொல்ல நாக்கு எழாது. அதைப் பழகிக்கொள்ள ஒத்திகையே சரியான இடம்.

கடைசி நாளில் சமர்ப்பித்தால் என்ன?

கெடு பிரஸ்ஸல்ஸ் நேரம் மாலை 5 மணி. கோடைக்காலத்தில் இந்திய நேரம் இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. ஒரு விநாடி தாண்டினாலும் வாசல் மூடிவிடும். பல்கலைக்கழகத் தலைவரே எழுதினாலும் திறக்காது.

இரண்டு நாள் முன்பே ஒரு பதிப்பைச் சமர்ப்பித்துவிடுங்கள். கெடு முடியும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் புதிய பதிப்பை ஏற்றலாம்; கடைசியாக ஏற்றியது மட்டுமே கணக்கு. பக்க வரம்பைத் தாண்டிய பக்கங்களை மதிப்பீட்டாளர் பார்க்க மாட்டார் என்பதையும் மறக்க வேண்டாம். 11 புள்ளிக்குக் குறையாத எழுத்து, 15 மில்லிமீட்டர் ஓர இடைவெளி போன்ற சில்லறை விஷயங்களை அலுவலகத்தில் ஒருவர் அளவுகோல் வைத்துப் பார்ப்பார். பார்க்கட்டும், தடுக்காதீர்கள்.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதலாமா?

தடை இல்லை. விண்ணப்பத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் நீங்களே பொறுப்பு என்று ஆணையத்தின் படிவம் சொல்கிறது. இல்லாத கட்டுரையை மேற்கோள் காட்டினால் அது உங்கள் தவறுதான். மொழியைச் சீர்செய்யப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. விளைவுப் பகுதியை அதனிடம் ஒப்படைத்தவர்களின் விண்ணப்பங்கள் எல்லாம் ஒரே குரலில் பேசுகின்றன. நூற்றுக்கணக்கில் படிக்கும் மதிப்பீட்டாளருக்கு அது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

வெளியிலிருந்து ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தலாமா?

பெரிய கூட்டணிகளில் சிலர் அமர்த்துகிறார்கள். விண்ணப்பம் தயாரிக்கும் செலவையும், வென்றால் இத்தனை சதவீதம் என்ற கூலியையும் நல்கையிலிருந்து கொடுக்க முடியாது. அலுவலகத்தைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போடும் அதிகாரமும் பெரும்பாலும் உங்களுக்கு இருக்காது.

கிடைக்கவில்லை என்றால்?

மதிப்பீட்டு அறிக்கையை அன்றே படிக்காதீர்கள். ஒரு வாரம் கழித்து ஆலோசகருடன் உட்கார்ந்து படியுங்கள். 'முடிவுகளைப் பரப்பும் திட்டம் போதிய விவரமின்றி இருக்கிறது' என்ற ஒரு வரி பெரும்பாலும் வேறொரு பெரிய அதிருப்தியின் வால். ஆலோசகர் ஆண்டுக்கு எத்தனையோ அறிக்கைகளைப் பார்ப்பவர். எது உண்மையான குறை, எது மரியாதைக்கு எழுதியது என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியும்.

மீண்டும் விண்ணப்பிப்பதில் கட்டுப்பாடுகள் உண்டு. ஆராய்ச்சி மன்றத்தில் முதல் சுற்றிலேயே பி, சி தரம் வாங்கினால் ஓராண்டோ ஈராண்டோ காத்திருக்க நேரும். மேரி கியூரியிலும் குறைந்த மதிப்பெண் பெற்றவர் அதே நிறுவனத்துடன் அடுத்த ஆண்டே வர முடியாது. வரம்பு எண் மாறிக்கொண்டிருப்பதால் அந்தந்த ஆண்டு விதியைப் பாருங்கள். ஆகவே பாதி வெந்த விண்ணப்பத்தைச் 'சும்மா போட்டுப் பார்ப்போம்' என்று போடுவது புத்திசாலித்தனம் அல்ல. இதைச் சொல்லி ஆலோசகர் தடுத்தால் கோபப்படாதீர்கள்.

மேரி கியூரியில் 85 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்தும் பணம் போதாமல் விடுபட்டவர்களுக்குத் தகுதி முத்திரை தருகிறார்கள். அதை ஏற்று உள்நாட்டு நிதி தரும் நாடுகள் உண்டு. உங்கள் நாட்டில் உண்டா என்பதை அலுவலகம் சொல்லும்.

கிடைத்துவிட்டது. இனி அலுவலகத்துடன் வேலை இல்லையே?

இனிமேல்தான் அதிகம். கெடுவிலிருந்து ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை வழக்கமாக எட்டு மாதம்: ஐந்து மதிப்பீட்டுக்கு, மூன்று ஒப்பந்தத்துக்கு. கூட்டணி என்றால் பங்காளிகளுக்குள் தனி உடன்படிக்கை வேண்டும். பெரும்பாலோர் டெஸ்கா என்ற மாதிரி உடன்படிக்கையை எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருப்பதில் எதைப் பிறருக்குத் தருவீர்கள், எதைத் தரமாட்டீர்கள் என்பதை அதில் எழுத வேண்டும். சட்டப் பிரிவு அனுப்பும் அந்தப் பின்னிணைப்பை நிரப்பாமல் விட்டுவிட்டுப் பின்னால் வருந்துபவர்கள் ஆய்வாளர்கள்தான், வழக்கறிஞர்கள் அல்லர்.

பிறகு நேரக் கணக்கு. உண்மைச் செலவு முறையில் ஓராண்டுக்கு 215 வேலைநாள் என்று வைத்து, திட்டத்தில் எத்தனை நாள் உழைத்தீர்கள் என்று மாதாமாதம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மேலாளரும் கையெழுத்திட வேண்டும். விடுப்பில் இருந்த நாளில் திட்டத்துக்கு வேலை செய்ததாக எழுதியிருந்தால் தணிக்கையாளர் அதைத்தான் முதலில் பிடிப்பார். கடைசித் தவணை வந்த பிறகும் ஐந்து ஆண்டு ஆவணங்களைப் பாதுகாக்க வேண்டும். அதற்குள் நீங்கள் வேறு நாட்டுக்கே போயிருக்கலாம். கோப்பு அலுவலகத்தில் இருக்கும். இப்போது மொத்தத் தொகை முறை பெருகிவருகிறது. அதில் ஆணையத்துக்கு நேரக் கணக்கு காட்ட வேண்டாம். ஒப்புக்கொண்ட வேலைப்பகுதி முடிந்தால் பணம். நிம்மதிதான், ஆனால் ஒரு பங்காளி தன் வேலையை முடிக்காவிட்டால் அந்தப் பகுதியில் எல்லாருக்கும் பணம் தாமதமாகும்.

கட்டுரைகள் வெளியான அன்றே யாவரும் இலவசமாகப் படிக்கும்படி இருக்க வேண்டும். தரவை என்ன செய்யப்போகிறீர்கள் என்ற திட்டத்தை ஆறாவது மாதத்துக்குள் தர வேண்டும். இதில் நூலகத்தார் உதவுவார்கள். அவர்களிடம் போகும் ஆய்வாளர்கள் ஏனோ குறைவு.

வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் நிதி என்னவாகும்?

ஆராய்ச்சி மன்றத்தின் நல்கை ஆளோடு போகும். பழைய பல்கலைக்கழகத்துக்கு வருத்தம் இருந்தாலும் தடுக்க முடியாது. கூட்டணித் திட்டத்தில் பங்கு பல்கலைக்கழகத்துடையது. நீங்கள் போனால் வேறொருவர் அந்த இடத்தில் உட்காருவார்.

நாடு ஒன்றியத்தில் இல்லையென்றால்?

இணைவு நாடாக இருந்தால் போதும். நார்வே, இஸ்ரேல், துருக்கி என்று பல நாடுகள் அப்படித்தான். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு வெளியில் நின்ற பிரிட்டன் 2024 ஜனவரி 1 முதல் திரும்பிவந்தது. ஸ்விட்சர்லாந்துக்கு 2025இலிருந்து பெரும்பாலான அழைப்புகள் திறந்தன. வெளியில் நின்ற அந்த ஆண்டுகளில் அங்கே ஆராய்ச்சி மன்றத்தில் வென்ற சிலர், நல்கையை விட்டுவிடுவதா, ஒன்றிய நாட்டுக்குக் குடிபெயர்வதா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பிரிட்டனும் ஸ்விட்சர்லாந்தும் தங்கள் சொந்தப் பணத்தை ஈடாகக் கொடுத்துச் சமாளித்தன. கனடாவும் நியூசிலாந்தும் தென்கொரியாவும் இரண்டாம் தூணில், அதாவது கூட்டணித் திட்டங்களில் மட்டும் இணைந்திருக்கின்றன.

2027க்குப் பிறகு?

அடுத்த திட்டத்துக்கு, 2028 முதல் 2034 வரை, 17,500 கோடி யூரோ வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூலையில் முன்மொழிந்தது. உறுப்பு நாடுகளும் நாடாளுமன்றமும் பேரம் பேசித்தான் இறுதித் தொகை முடிவாகும். முன்மொழிந்த தொகை குறைவதே வழக்கம். 2027இன் கடைசி அழைப்புகளுக்கும் 2028இன் முதல் அழைப்புகளுக்கும் இடையில் ஓர் இடைவெளி விழலாம். ஒப்பந்தம் முடியப்போகும் முதுமுனைவர்கள் குழுவில் இருந்தால், அந்த மாதங்களுக்கு உள்நாட்டு நிதி ஏதாவது கிடைக்குமா என்று இப்போதே அலுவலகத்தில் விசாரித்து வையுங்கள்.